கருவைத் தொடாமல் கணிக்க முடியுமா?

செயற்கைக் கருத்தரிப்பு மையத்திலிருந்து வெளியே வரும் தம்பதியின் கையில் இப்போதெல்லாம் ஒரு தாள் இருக்கிறது. எடுத்த முட்டை 14, முதிர்ந்தவை 11, கருவுற்றவை 8, ஐந்தாம் நாள்வரை வளர்ந்து நின்றவை 4 என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்குக்கும் எதிரே 4ஏபி, 4பிபி, 3பிபி, 5பிசி என்று குறியீடுகள். வீடு போய்ச் சேர்வதற்குள் கைப்பேசியில் அவற்றுக்குப் பொருள் தேடிவிடுகிறார்கள். ‘ஏ’ எத்தனை, ‘சி’ எத்தனை என்பதில் அன்றிரவுத் தூக்கம் போய்விடுகிறது.

குறியீட்டின் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நான்கில் எதை முதலில் கருப்பையில் வைப்பது? இதற்கு விடை தேடி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கருவிலிருந்து சில செல்களைக் கிள்ளி எடுத்துக் குரோமோசோம்களை எண்ணினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடித்தார்கள். கரு வளர்ந்த திரவத்தைச் சோதித்தார்கள். கடைசியில் கணினியிடம் ஒப்படைத்தார்கள். கிள்ளாமல், துளையிடாமல் கருவின் தரத்தை அறிவதுதான் இன்று இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் முயற்சி. இதுவரை வந்த முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், கருவைப் பற்றி நமக்குத் தெரிந்த செய்திகள் பெருகிய வேகத்துக்குக் குழந்தைகள் பிறக்கும் விகிதம் உயரவில்லை. கருவிகள் மோசமானவை என்று இதற்குப் பொருளில்லை. கேள்வியிலேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் இயற்கையான மாதச் சுழற்சியில் முதிர்ந்த ஒற்றை முட்டையை எடுத்தார்கள். அது எட்டு செல்லாக வளர்ந்ததும் தாயின் கருப்பையில் வைத்தார்கள். ஒன்றே ஒன்று இருக்கும்போது தேர்வு எங்கிருந்து வரும்? அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ‘துர்கா’ பிறந்தாள். அவளை உருவாக்கிய டாக்டர் சுபாஷ் முகர்ஜி வேறு வழியில் போயிருந்தார்: ஹார்மோன் ஊசி கொடுத்துப் பல முட்டைகளை வளர்த்தார், கருவை உறையவைத்துப் பிறகு பயன்படுத்தினார். மாநில அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அங்கீகாரம் இறந்தபின்தான் வந்தது. இன்று உலகம் முழுக்க நடப்பது பெரும்பாலும் அவர் போன வழிதான். ஹார்மோனும் உறைவைப்பும் சேர்ந்துதான் கருக்களை எண்ணிக்கையில் பெருக்கின, தேர்வு என்ற தலைவலியையும் கொண்டுவந்தன.

நீண்ட காலம் அந்தத் தலைவலிக்கு வைத்தியம் முரட்டுத்தனமாக இருந்தது. எது நல்ல கரு என்று தெரியாதா, இரண்டு மூன்றைச் சேர்த்தே வைத்துவிடு. விளைவு இரட்டையர், மூவர், குறைமாதப் பேறு, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு. 2004இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு இதற்கு ஒரு மாற்றைக் காட்டியது. இரண்டு கருவை ஒரே தடவையில் வைத்த பெண்களில் 42.9 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. ஒன்றை வைத்து, பலிக்காவிட்டால் உறையவைத்த இன்னொன்றை வைத்த பெண்களில் 38.8 சதவீதம். ஆனால், பல்கரு பிரசவம் முன்னதில் 33.1 சதவீதம், பின்னதில் 0.8 சதவீதம். ஸ்வீடன் அதற்கு முன்பே, 2003இல், ‘ஒரு தடவைக்கு ஒரு கரு’ என்பதைப் பொது விதியாக்கியிருந்தது. ஒன்றுதான் வைக்கலாம் என்று ஆனபிறகு அந்த ஒன்று எது என்பது உயிர்ப்பிரச்சினையாகிவிட்டது.

கணக்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. உறையவைத்த நான்கு கருக்களில் ஒன்று மட்டுமே குழந்தையாகும் தன்மை கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்தாலும் நான்காவது தடவைக்குள் அது கருப்பைக்குப் போய்ச் சேரும். சரியான முறையில் தேர்ந்தெடுத்தால் முதல் தடவையிலேயே போகும். மாதங்கள் மிச்சம், பணம் மிச்சம், வெறுங்கையோடு திரும்பும் நாட்களும் சில கருச்சிதைவுகளும் மிச்சம். இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால், ஒரு முட்டை எடுப்பிலிருந்து கிடைக்கக்கூடிய மொத்தக் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தேர்வு கூட்டாது. உறையவைக்கும் நுட்பம் தேறிவிட்ட காலத்தில் எந்தத் தேர்வு முறையும் கருவின் தரத்தை உயர்த்துவதில்லை, வரிசையை மட்டும் மாற்றுகிறது. குறைக்கவோ அதனால் முடியும். நல்ல கருவைத் தவறாகக் கெட்டது என்று முத்திரை குத்திக் கழித்துவிட்டால் ஒரு குழந்தை இல்லாமல் போகிறது. வரிசைப்படுத்துவது ஒன்று, கழித்துக்கட்டுவது இன்னொன்று. விளம்பரங்களில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

கண்ணால் பார்ப்பதுதான் பழைய முறை, இன்றும் முதன்மையான முறை. முதல் நாளில் இரண்டு முன்கரு உட்கருக்கள் தெரிகின்றனவா, மூன்றாம் நாளில் ஏறத்தாழ எட்டு செல்கள் ஒத்த அளவில் இருக்கின்றனவா, உடைந்த துணுக்குகள் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஐந்தாம் நாளில் கரு உள்ளே திரவம் நிறைந்த பிளாஸ்டோசிஸ்டாகிறது. டேவிட் கார்ட்னரும் வில்லியம் ஸ்கூல்கிராஃப்டும் 1999இல் வகுத்த தர அளவீடுதான் அந்தத் தாளில் இருக்கும் குறியீடு. எண், 1 முதல் 6 வரை, கரு எவ்வளவு விரிந்திருக்கிறது, ஓட்டை விட்டு வெளியே வந்துவிட்டதா என்பதைச் சொல்கிறது. முதல் எழுத்து குழந்தையாக வளரப்போகும் உட்செல் திரளுக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்செல் அடுக்குக்கு. 2011இல் வெளியான இஸ்தான்புல் கருத்தொற்றுமை இப்படிப்பட்ட அளவீடுகளை நாடுகளுக்கிடையே ஒருமைப்படுத்த முயன்றது.

இந்த முறையின் குறைகளை அதைப் பயன்படுத்தும் கருவியலாளர்களே மறைப்பதில்லை. ஒருவர் ‘பி’ போடும் கருவுக்குப் பக்கத்து மேசைக்காரர் ‘சி’ போடுவார். காலை எட்டு மணிக்கு 3ஆக இருந்தது மதியம் 4 ஆகியிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், அழகுக்கும் குரோமோசோம் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு தளர்வானது. பார்க்க லட்சணமான கருவில் 47 குரோமோசோம் இருக்கலாம்; சிதறலும் சுருக்கமுமாக இருக்கும் கருவில் சரியாக 46 இருக்கலாம். பெண்ணின் வயது முப்பதுகளின் கடைசியைத் தாண்டும்போது எண்ணிக்கை பிசகிய கருக்களின் பங்கு வேகமாக ஏறுகிறது, நாற்பதுகளில் அவையே பெரும்பான்மையாகின்றன. கண்ணால் இதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் கத்தி வந்தது. 1990இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடும் குழுவினரும் கருவிலிருந்து செல்லை எடுத்து அது ஆணா பெண்ணா என்று அறிந்து, எக்ஸ் குரோமோசோம் வழியாக ஆண் குழந்தைகளைத் தாக்கும் பரம்பரை நோயைத் தவிர்த்தார்கள். குறிப்பிட்ட நோயுள்ள குறிப்பிட்ட குடும்பத்துக்கு அது இன்றும் பெரும் வரம். வம்பு தொடங்கியது அதே கத்தியை எல்லாருக்கும் நீட்டியபோது. மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரு செல்லை எடுத்துக் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தால் வயதான பெண்களுக்கு வெற்றி கூடும் என்று நம்பினார்கள். 2007இல் நெதர்லாந்தின் செபாஸ்டியான் மாஸ்டன்புரூக் குழுவினர் 35 முதல் 41 வயதுவரை உள்ள 408 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். சோதித்த பிரிவில் 12 வாரம் தாண்டிய கர்ப்பம் 25 சதவீதம், சோதிக்காத பிரிவில் 37. எட்டில் ஒன்றைப் பிடுங்கிய காயம், ஒரே செல்லை வைத்துச் சொன்ன தப்பான தீர்ப்பு, இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டின.

அதன்பிறகு, இப்படிச் செல்லை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி ஐந்தாம் நாளுக்கு நகர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் கொண்ட கருவின் வெளியடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை மட்டும் எடுப்பது காயத்தைக் குறைத்தது. மருத்துவமனைகள் பி.ஜி.டி-ஏ என்று சொல்வது இதைத்தான். ஆனாலும் 2019இல் வெளியான பன்னாட்டு ஸ்டார் ஆய்வில் 25 முதல் 40 வயதுப் பெண்களிடையே மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை: ஒரு கரு வைப்புக்கு 50 சதவீதமும் 46 சதவீதமும். 2021இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. நல்ல வாய்ப்புள்ள 1,212 பெண்களில் சோதனை செய்த பிரிவில் ஒட்டுமொத்தக் குழந்தைப்பேறு 77.2 சதவீதம், கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்த பிரிவில் 81.8. கருச்சிதைவு சோதனைப் பிரிவில் குறைவாக இருந்தது உண்மை. நான் மேலே சொன்ன கணக்கு அச்சுப் பிசகாமல் இந்த எண்களில் தெரிகிறது: சிதைவுகள் குறைகின்றன, மொத்தம் கூடவில்லை. 2015இல் இத்தாலியில் எர்மான்னோ கிரெகோ குழுவினர், சில செல்கள் சரியாகவும் சில பிசகியும் இருப்பதாக அறிக்கை வந்த கலப்புக் கருக்களைத் துணிந்து 18 பெண்களுக்கு வைத்தார்கள். ஆரோக்கியமான குழந்தைகள் ஆறு பிறந்தன. அதற்கு முன் அப்படிப்பட்ட கருக்கள் எத்தனை குப்பைக்குப் போயிருக்கும் என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

தொடாமல் பார்க்கும் முறைகளுக்கு ஏக்கம் இங்கிருந்துதான் பிறந்தது. அவற்றில் முதலில் கடைவிரித்தது டைம்-லாப்ஸ். வழக்கமான இன்குபேட்டரிலிருந்து கருவை நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. டென்மார்க்கில் உருவான எம்ப்ரியோஸ்கோப் போன்ற கருவிகளில் கேமரா இன்குபேட்டருக்குள்ளேயே இருக்கிறது. பத்து இருபது நிமிடத்துக்கு ஒரு படம். ஐந்து நாள் வாழ்க்கையை இரண்டு நிமிடப் படமாக ஓட்டிப் பார்க்கலாம்.

அறிவியலுக்கு இது தந்த விருந்து பெரியது. 2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார்கள். முதல் செல் பிரிவு எத்தனை நிமிடம் எடுக்கிறது, அதற்கும் இரண்டாவது பிரிவுக்கும் இடைவெளி எவ்வளவு, இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற மூன்றை வைத்தே, எந்தக் கரு பிளாஸ்டோசிஸ்ட் ஆகும் என்று இரண்டாம் நாளிலேயே 93 சதவீத அளவில் கணிக்கலாம். சரியான கருவில் முதல் பிரிவு சுமார் 14 நிமிடம், அடுத்ததற்கு இடைவெளி சுமார் 11 மணி நேரம். கருவின் சொந்த மரபணுக்கள் விழித்தெழுவது நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான். அதுவரை நடக்கும் வேலையெல்லாம் தாய் முட்டையில் சேர்த்துவைத்த சரக்கில். முதல் இரண்டு நாள் ஓட்டம் முட்டையின் ஆரோக்கியத்தைக் காட்டுகிறது என்பதுதான் இதன் பொருள். 2011இல் ஸ்பெயினின் மார்க்கோஸ் மெசெகெர் குழுவினர், கருப்பையில் ஒட்டியதா இல்லையா என்பது தெளிவாகத் தெரிந்த 247 கருக்களை எடுத்துக்கொண்டு, ஐந்தாவது செல் தோன்றுவது கருவுற்றதிலிருந்து 48.8 மணி நேரத்துக்கும் 56.6 மணி நேரத்துக்கும் இடையில் இருந்தால் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஒரு செல்லிலிருந்து நேரடியாக மூன்றாகத் தாவும் கருக்கள் பெரும்பாலும் ஒட்டுவதில்லை என்பதும் தெரியவந்தது. நாளுக்கு ஒருமுறை பார்த்த காலத்தில் அந்தத் தாவல் யார் கண்ணிலும் படவில்லை.

கருவிகள் விற்றன. மையங்கள் வாங்கின. ‘உங்கள் கருவை இருபத்துநாலு மணி நேரமும் கண்காணிக்கிறோம்’ என்று சிகிச்சைத் தொகுப்பில் ஒரு வரி சேர்ந்தது, கட்டணமும் சேர்ந்தது. பெரிய பன்மையச் சோதனைகள் பத்தாண்டு கழித்துத்தான் வந்தன. 2023இல் நெதர்லாந்தில் 15 மையங்கள் 1,731 தம்பதிகளை மூன்று பிரிவாக்கின. டைம்-லாப்ஸில் வளர்த்துக் கணிப்பு முறையால் தேர்ந்தது, டைம்-லாப்ஸில் வளர்த்து வழக்கம்போல் கண்ணால் தேர்ந்தது, பழைய இன்குபேட்டரில் வளர்த்துக் கண்ணால் தேர்ந்தது. ஓராண்டில் ஒட்டுமொத்தக் கர்ப்பம் முறையே 50.8, 50.9, 49.4 சதவீதம். 2024இல் பிரிட்டனும் ஹாங்காங்கும் சேர்ந்து 1,575 பேரிடம் செய்த டில்ட் ஆய்வில் குழந்தைப்பேறு 33.7, 36.6, 33.0. இதில் நடு எண்ணைக் கவனிக்க வேண்டும். படத்தைப் பார்த்துத் தேர்வதை விட்டுவிட்டுக் கருவை அசைக்காமல் வளர்த்து மட்டும் பார்த்த பிரிவு அது. வித்தியாசங்கள் புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. ஆனால், படம் பார்த்துத் தேர்ந்தவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள் என்று சொல்ல எந்தச் சாக்கும் இல்லை.

இதை டைம்-லாப்ஸின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வகத்துக்கு அது மிக நல்ல கருவி: கதவைத் திறக்காமல் வேலை நடக்கிறது, கருவியலாளர் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே பார்க்கலாம், எங்கே பிசகியது என்று திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். இவையெல்லாம் மையத்துக்குக் கிடைக்கும் வசதிகள். கட்டணத்தை மட்டும் நோயாளி தலையில் கட்டுவதற்கு என்ன நியாயம்? பிரிட்டனில் ஒழுங்குமுறை ஆணையம் இதுபோன்ற கூடுதல் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் சான்றின் வலிமையைப் பொறுத்து நிறக்குறியீடு போட்டுப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. இந்தியாவில் 2021 உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மையங்கள் பதிவு செய்தாக வேண்டும். தொகுப்பில் இருக்கும் ஒவ்வொரு சேவைக்கும் சான்று உண்டா என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லும் பட்டியல் ஒன்று இங்கேயும் வந்தால் நல்லது.

படங்கள் குவிந்ததும் செயற்கை நுண்ணறிவு வந்து உட்கார்ந்தது. பல்லாயிரம் படங்கள், ஒவ்வொன்றுக்கும் முடிவு தெரியும், கணினிக்கு வேறென்ன வேண்டும்? 2019இல் சிட்னியிலிருந்து வந்த ஒரு கட்டுரை, கர்ப்பத்தைக் கணிப்பதில் தன் மென்பொருள் 1க்கு 0.93 அளவு துல்லியம் காட்டியதாகச் சொன்னது. கேட்டால் மலைப்பாக இருக்கும். அந்தக் கணக்கில் கருவியலாளர்கள் ஏற்கெனவே குப்பையில் போட்ட கருக்களும் ‘கர்ப்பமாகாதவை’ பட்டியலில் இருந்தன. வளர்ச்சி நின்றுபோன கருவையும் நல்ல கருவையும் வேறுபடுத்திச் சொல்ல மென்பொருள் வேண்டியதில்லை; ஒரே மேசையில் 4ஏபி ஒன்றும் 4பிபி ஒன்றும் கிடக்கும்போது எது என்பதுதான் சோதனை. அந்தச் சோதனை 2024இல் நடந்தது. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 14 மையங்களில் 1,066 பெண்கள். மென்பொருள் தேர்ந்த பிரிவில் கர்ப்பம் 46.5 சதவீதம், கருவியலாளர் கண்ணால் தேர்ந்த பிரிவில் 48.2. மனிதருக்கு மென்பொருள் குறைந்ததல்ல என்றுகூட அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. வேகத்தில் வென்றது: கருவியலாளர் சராசரியாக 208 விநாடி எடுத்த வேலைக்கு மென்பொருளுக்கு 21 விநாடி. ஆளுக்கு ஆள் மாறும் தரப்படுத்தலை ஒழுங்காக்குவதிலும் அதற்கு இடமுண்டு. அதற்குமேல் இப்போதைக்கு ஒன்றுமில்லை.

படத்தை விட்டு ரசாயனத்துக்கு வருவோம். கரு வளர்வது சில பத்து மைக்ரோலிட்டர் திரவத்துளியில். அதிலிருந்து குளுக்கோஸ், பைருவேட், அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. லாக்டேட்டையும் வேறு சிலவற்றையும் வெளியே விடுகிறது. அரிசி களைந்த தண்ணீரைப் பார்த்து அரிசியைச் சொல்வதுபோல, கருவை எடுத்தபின் மிஞ்சும் துளியைப் பார்த்துக் கருவைச் சொல்லலாம் என்பது யோசனை. யார்க் பல்கலைக்கழகத்தின் ஹென்றி லீஸ் இந்த வழியின் முன்னோடி. 2002இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார்: நல்ல கரு அமைதியானது. சேதமடைந்த கருதான் பழுதுபார்க்க அதிகம் ஓடியாடும், அதிகம் தின்னும். கார்ட்னர் குழுவினரோ 2011இல் நேர் எதிராகக் கண்டார்கள்: நான்காம் நாளில் அதிகக் குளுக்கோஸ் எடுத்துக்கொண்ட கருக்களே கர்ப்பமாயின. பெண் கருவும் ஆண் கருவும் எடுத்துக்கொள்ளும் அளவே வேறு என்பதும் அதில் சேர்ந்துகொண்டது. பிற்பாடு லீஸ், ‘மிகாமலும் குறையாமலும்’ என்று நடுவழிக்கு வந்தார். உயிரியல் கருத்தாக அது அழகு. அளவுகோலாக அதை வைத்துக்கொண்டு ஒரு கருவைத் தேர முடியாது.

இடையில் ஒரு வணிகக் கதையும் நடந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் எம்ரே செலி, டென்னி சாக்கஸ் ஆகியோர் 2007இல், துளியின் வழியே அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைச் செலுத்திப் பெற்ற நிறமாலையிலிருந்து கர்ப்பத்தைக் கணிக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு வேதிப்பொருளையும் தனித்தனியே அளக்காமல் மொத்தச் சாயலையும் ஒரே நிமிடத்தில் படிப்பது. நிறுவனம் தோன்றியது, மேசைமேல் வைக்கும் கருவி வந்தது. 2012இல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் குலுக்கல் ஆய்வுகள் முடிவு சொன்னபோது பலன் எதுவும் தெரியவில்லை. கருவி சந்தையிலிருந்து மறைந்தது. கரு வெளியிடும் எச்.எல்.ஏ-ஜி என்ற புரதத்துக்கும் ஏறக்குறைய இதே கதி. ஒரு ஆய்வகத்தில் அது இல்லாமல் கர்ப்பமே இல்லை என்றார்கள், மறு ஆய்வகத்தில் அதை அளக்கவே முடியவில்லை.

அந்தத் துளிக்கு இன்னொரு உயிர் கிடைத்தது டி.என்.ஏ. வடிவில். 2013இல் இத்தாலியில் இரண்டு குழுக்கள், ஒன்று வளர்ப்புத் திரவத்திலும் மற்றது பிளாஸ்டோசிஸ்டின் உட்திரவத்திலும், கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதைக் காட்டின. 2016இல் சீன ஆய்வாளர்கள் அந்தத் துணுக்குகளைப் பெருக்கி 42 கருக்களின் 24 வகைக் குரோமோசோம்களையும் எண்ணினார்கள். தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் பார்த்துக் கருவிலிருக்கும் சிசுவின் டவுன் நோய்க்குறி வாய்ப்பைச் சொல்லும் சோதனை ஏற்கெனவே பரவிவிட்டிருந்த காலம். அதே மாயம் இங்கேயும் நடக்கும் என்று தோன்றியது இயல்பே.

ஆனால், ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வே ஆறேழு பிக்கோகிராம்தான். துளியில் மிதப்பது அதிலும் உடைசல். அதோடு முட்டையைச் சுற்றியிருந்த தாய்ச் செல்களின் எச்சம், ஓட்டில் ஒட்டிய விந்தணுக்கள், திரவத்தில் சேர்க்கும் மனித ஆல்புமினோடு வரும் யாரோ ஒருவரின் டி.என்.ஏ. வரை எல்லாம் கலந்திருக்கும். 2018இல் வெரா-ரோட்ரிகஸ் குழுவினர் அளந்தபோது துளியிலிருந்த டி.என்.ஏ.வில் கருவுக்குச் சொந்தமானது நடுமதிப்பில் 8 சதவீதம் மட்டுமே. தாயின் டி.என்.ஏ. இயல்பான பெண்ணுடையது. கருவில் குரோமோசோம் பிசகு இருந்தாலும் தாயின் டி.என்.ஏ. மிகுந்துவிட்டால் முடிவு ‘இயல்பு, பெண்’ என்றுதான் வரும். அந்த முடிவு கருவைப் பற்றியதா, தாயைப் பற்றியதா என்று பிரித்தறிவதே பாதி வேலை.

அதற்கான ஒழுங்குகளை வகுத்தார்கள். ஊசிமூலம் ஒற்றை விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறைதான், முட்டையைச் சுற்றிய செல்களை முற்றாக நீக்க வேண்டும், நான்காம் நாள் கருவைக் கழுவிப் புதுத் துளிக்கு மாற்ற வேண்டும், துளி 10 மைக்ரோலிட்டர்தான், ஆறாம் நாளில்தான் எடுக்க வேண்டும். 2020இல் கார்மென் ரூபியோ தலைமையில் நான்கு கண்டங்களிலுள்ள எட்டு மையங்கள் இந்த ஒழுங்கோடு 1,301 கருக்களைச் சோதித்தன. பயாப்சி முடிவும் துளியின் முடிவும் ஒத்துப்போனது 78.2 சதவீதம். அதாவது ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஒத்துப்போகவில்லை. எது சரி, எது தப்பு என்பதற்குப் பயாப்சியே கடைசிச் சொல்லும் அல்ல, அதுவும் சில செல்களின் சாட்சிதான். கலப்புக் கரு தன்னுள் இருக்கும் பிசகிய செல்களை வெளியே தள்ளிவிடுகிறது என்ற கருத்து உண்மையானால், துளியில் மிதப்பது கரு கழித்த அழுக்கு. நல்ல கருவைப் பற்றி அது கெட்ட செய்தி சொல்லக்கூடும்.

‘தொடாத முறை’ என்ற பெயரும் இங்கே கொஞ்சம் உதிர்கிறது. ஐந்தாம் நாள் காலையிலேயே உறையவைக்கத் தயாராக இருக்கும் கருவை, டி.என்.ஏ. சேரவேண்டும் என்பதற்காக இன்னும் ஒரு நாள் வெளியே வைத்திருக்க வேண்டும். நான்காம் நாள் கழுவலும் ஒரு கைபடல்தான். இவற்றால் எவ்வளவு பாதிப்பு என்பது ஒரு பக்கம். பயாப்சிக்கு இணையாகக் கழித்துக்கட்டும் சான்றாக இல்லாமல், இருக்கும் கருக்களை வரிசைப்படுத்த மட்டும் இதைப் பயன்படுத்துவதே பொருந்தும் என்று இந்தத் துறையிலேயே பலர் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. 78 சதவீத ஒப்பு வரிசைக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. துளியில் தாயின் கலப்பு இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் முதலில் பார்ப்பது எக்ஸ், ஒய் குரோமோசோம்களை. கருவின் பாலினத்தை அறிந்து தேர்வதை 1994 சட்டமும், கருத்தரிப்புக்கு முந்தைய நுட்பங்களையும் உள்ளடக்கிய அதன் 2003 திருத்தமும் தடுக்கின்றன. 2021 சட்டத்தின் 25ஆம் பிரிவு கருவின் மரபணுச் சோதனையை ஏற்கெனவே அறியப்பட்ட, பரம்பரையாக வரும் நோய்களுக்கும் உரிய அதிகார அமைப்பு குறிப்பிடும் நோக்கங்களுக்கும் மட்டும் என்று வரையறுக்கிறது. பயாப்சிக்குப் பயிற்சி பெற்ற கையும் லேசரும் வேண்டும். அதனால் அது சில மையங்களில்தான் நடக்கும், கண்காணிப்பதும் எளிது. வளர்ப்புத் துளியை எடுப்பதற்கோ பிப்பெட் போதும். எந்த மையத்திலிருந்தும் அது ஒரு குழாயில் எங்கேயும் பயணப்படலாம். பெண் கருவைத் தவிர்க்கும் ஆசை இன்னும் தீராத சமூகத்தில் சோதனை எளிமையாவதை ஆதாயம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

ஒளியைக் கொண்டு நடக்கும் முயற்சிகள் இன்னும் ஆய்வகத்திலேயே இருக்கின்றன. செல்லின் ஆற்றல் உற்பத்தியில் பங்குபெறும் என்.ஏ.டி.எச்., எஃப்.ஏ.டி. என்ற இரண்டு மூலக்கூறுகள் தாமாகவே ஒளிர்பவை. ஹார்வர்டில் டேனியல் நீடில்மன் குழுவினர் அந்த ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அளந்து கருவின் வளர்சிதை மாற்றத்தைச் செல் செல்லாகப் படிக்கிறார்கள். சாயம் வேண்டாம், தொடுதல் வேண்டாம். ஒளி எவ்வளவு பட்டால் கரு தாங்கும் என்ற கேள்வியைத் தாண்டினால் நிறமாலைக் கருவிக்குக் கிடைக்காத நுணுக்கம் இதில் கிடைக்கலாம்.

கருவைப் பற்றி எவ்வளவு படித்தாலும் மறுபாதி கருப்பையில் இருக்கிறது. குரோமோசோம் எண்ணிக்கை சரியாக உள்ள கருக்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒட்டாமல் போகின்றன. கருவின் குற்றமா, கருப்பையின் குற்றமா, வைத்த நாளின் குற்றமா என்று எந்த மென்பொருளும் பிரித்துச் சொல்லாது.

ஒரு தேர்வு முறை கழித்துக்கட்டும் உரிமையைப் பெறுவதற்குத் தேற வேண்டிய சோதனை பயாப்சி விஷயத்தில் தாமதமாகவாவது நடந்தது. 2021இல் அமெரிக்காவில் ஆஷ்லி டீக்ஸ் குழுவினர் கருக்களைப் பயாப்சி செய்தார்கள், முடிவைப் பார்க்காமல் கண்ணால் மட்டும் தேர்ந்து வைத்தார்கள், எல்லாம் முடிந்தபின் அறிக்கையைத் திறந்தார்கள். பிசகியவை என்று அறிக்கை சொன்ன 102 கருக்களில் ஒன்றுகூடக் குழந்தையாகவில்லை. முழுக்கப் பிசகிய கருவைப் பற்றிப் பயாப்சி சொன்னால் நம்பலாம் என்பதற்கு அதுதான் ஆதாரம். மற்ற எல்லா ஒப்பீடும் ஒரு சோதனையை இன்னொரு சோதனையோடு உரசிப் பார்ப்பதுதான். தொடாத முறைகளுக்கு இந்தத் தேர்வை எழுதுவது பயாப்சியைவிடச் சுலபம். கருவுக்குக் காயமில்லை, வழக்கமான சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லை. வழக்கம்போல் கருவை வைத்துவிட்டு, எப்படியும் கொட்டப்போகும் அந்தத் துளியைப் பெயர் மறைத்து மைனஸ் 80 டிகிரியில் போட்டுவைக்க வேண்டியதுதான். ஒன்பது மாதம் கழித்து, யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு இல்லை என்று தெரிந்தபிறகு குழாயைத் திறந்து படிக்கலாம். படங்களுக்கும் மென்பொருளுக்கும் இதே வழி பொருந்தும். அப்படியொரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் மையத்திடம் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் கட்டணம் கேட்பவரிடம், என் கருக்களில் எதையாவது இந்த அறிக்கையை வைத்துக் கழிப்பீர்களா, அல்லது வரிசையை மட்டும் மாற்றுவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.